மார்பளவு தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. கல்முனைக்குடியிலிருந்து கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியும் படமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் மழைக்குப் பிறகு, ஒரு காலை, நற்பிட்டிமுனைப் பக்கத்து வட்டவிதானையார் வந்தார். வட்டை என்பது வயல் தொகுதி. அதன் தண்ணீர் விவகாரங்களைப் பார்க்க விவசாயிகள் தெரிந்தெடுத்த ஆள் அவர்.

வட்டை மூழ்கிக் கிடந்தது. கடற்கரை மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால்தான் வெள்ளம் வடியும். அதற்கு அரசாங்க அதிகாரி உத்தரவு தர வேண்டும். திறந்தால் வாவி இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீன்பிடிப்பவர்கள் அவரிடம் ஏற்கனவே முறையிட்டிருந்தார்கள்.

“முழங்கால் தண்ணிக்கு இந்தக் கூச்சலா எண்டு கேக்கிறாரு, தம்பி. படம் ஒண்டு காட்டினா நம்புவாரு. வெள்ளாமை குடலையில நிக்கிது, கதிர் இன்னும் உள்ளுக்கதான். நாளைக்கு வெட்டினாத் தப்பும். அதுக்குப் பிந்தினா அழுகிரும்.”

கமராவில் இரண்டு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். பாதை உடைந்து லொறி வராததால் கடையிலும் புதுச் சுருள் இல்லை.

வாய்க்கால் கட்டின் மேல் போய் நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். “எடுங்க” என்றார். கமராவுக்குள் பார்த்தேன். அச்சில் இது வாவியாகத்தான் தெரியும்.

“இதுல வயல் எங்க, காக்கா?” மூத்தவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“எனக்குத் தெரியிது. ஒங்கட பெட்டிக்குத் தெரியல்லயாக்கும்.”

சற்று யோசித்தார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டின் மேலிருந்து தன் வயலுக்குள் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. எட்டுக் காலடி இருக்கலாம். அவ்வளவு நேரமும் கமரா என் கண்ணில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. வானம் இருண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் நடக்கிற மனிதர் கலங்கித்தான் விழுவார். கலங்கிய படங்களை ஆசிரியர் பீடம் குப்பையில் போடும் என்பதை நான் பட்டுத் தெரிந்திருந்தேன். அவர் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

நின்றார். தலை முழுக மூழ்கி, நெற்பயிர் ஒன்றை வேரோடு பிடுங்கி உயர்த்திப் பிடித்தார். எடுத்தேன். ஒன்று பிழைத்தால் மற்றது உதவும் என்று அதையே இன்னொரு முறையும் எடுத்தேன்.

பின்னேரம், கழுவி ஈரம் காயாத படத்தோடு இருவரும் அதிகாரியிடம் போனோம். நல்ல படம். வேரில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இவர் நிக்கிறாரா, குந்திக்கொண்டு இருக்கிறாரா?”

விதானையார்தான் சொன்னார்:

“குந்தியிருந்தா மீன் சாரனுக்குள்ள பூந்திருக்கும், சேர்.”

அதிகாரி சிரித்தார். உத்தரவு தரவில்லை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். அந்தப் படத்தில் கால் எங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. சாட்சி, நான் விட்டுவிட்ட எட்டுக் காலடியில் இருந்தது. முழங்காலில் ஒன்று, மார்பில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், முதலாவது கலங்கியிருந்தாலும், ஒரு மனிதர் இறங்கிப் போகிறார் என்பது தெரிந்திருக்கும். நானோ ஒரே படத்தை இரண்டு தரம் எடுத்திருந்தேன்.

மறுநாள் அதிகாரி உழவு இயந்திரத்தில் வந்தார். கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். முகத்துவாரம் அதற்கடுத்த காலையில் வெட்டப்பட்டது. மேட்டு வயல்கள் தப்பின. பள்ளத்து வயல்கள் அழுகின. விதானையாரின் வயல் பள்ளத்தில் இருந்தது.

அறுவடைக் காலத்தில் செய்திக்காக அந்த வட்டைக்கு மறுபடியும் போனேன். மேட்டில் சூடு அடித்து நெல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விதானையாரின் வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. என்னைக் கண்டதும் அவர் அதற்குள் நடந்து போய், அன்று நின்ற இடத்தில் நின்றார். சாரனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

“இப்ப எடுங்க, தம்பி. இப்ப கால் வடிவாத் தெரியும்.”

கமராவில் முழுச் சுருள் இருந்தது. மேட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் எடுக்கவில்லை.