கை ஓங்கிப் பார்க்கிற கெங்கம்மாள்

காக்களூரில் கெங்கம்மாளிடம் வம்புக்குப் போனவர்களில் முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. வாய்க்கால் தகராறில் ஒருத்தன் காதைக் கடித்துத் துப்பியவள் அவள். நான் பக்கத்து வீட்டுக்காரன், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். கூட இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். அவ்வளவு கோபக்காரி ஒரு மாட்டை அடித்து நான் பார்த்ததே இல்லை.

சந்தையில் அவளேதான் எருது பிடிப்பாள். பல்லைப் பார்ப்பாள், சுழியைப் பார்ப்பாள், கடைசியில் திடீரென்று அதன் கண்ணோரம் கையை ஓங்குவாள். மாடு வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டால் போச்சு. "இது அடி வாங்கி வளந்த மாடு, வாணாம்" என்று நடையைக் கட்டிவிடுவாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஏரி மதகில் தண்ணீருக்காக வெட்டுக்குத்து நடந்தது. அவள் தம்பி சின்னராசுவின் மண்டையில் மம்பட்டிக் கட்டை இறங்கியது. மதகுக் கல்லெல்லாம் ரத்தம். உயிர் தப்பியது, பேச்சும் நடையும் போயின. ஒரு கை மட்டும் அசையும். அலம்பி, துடைத்து, ஊட்டிவிட ஆள் வேண்டும். தாய் தகப்பன் இல்லாதவனுக்கு அக்கா வீடுதான் கதி. அவள் வயலுக்குப் போகிற நேரத்தில் அவள் புருஷன் துளசிராமன் பார்த்துக்கொண்டான். ஒரு வருஷம் ஆனதும் அவன் கையை விரித்துவிட்டான்.

"என்னால ஆவாது. எங்கனா ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல சேத்துடு."

"சேக்கறேன். ஆனா அங்க அவம்மேல ஒரு அடி வுழக்கூடாது. அத நான் பாத்துட்டுத்தான் சேப்பேன்" என்றாள் கெங்கம்மாள்.

இப்படிப் படுத்த படுக்கையானவர்களை வைத்துப் பார்க்கிற நர்சிங் ஹோம் அப்போது சென்னை ராஜ்யத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தது. கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் ரயிலேறினாள். துணைக்கு நான்.

பட்டணத்தில் பார்த்த இடத்தில் மொசைக் தரை, தலைக்கு மேல் ஃபேன். ஒரு மாதத்துக்கு அவர்கள் கேட்டதில் ஒரு ஜோடி எருது வாங்கிவிடலாம். டாக்டர் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போதே, ஈ ஓட்டுகிறவள்போல ஒரு கிழவர் முகத்துக்கு நேரே கையை ஓங்கினாள். மனுஷன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அலறினார். மொசைக் தரையிலேயே காறித் துப்பிவிட்டு வெளியே வந்தாள்.

செங்கல்பட்டில் சல்லிசு. கொஞ்சம் நெல்லை விற்றால் போதும். அங்கே கை ஓங்க வேண்டிய அவசியமே வரவில்லை. படுக்கையை நனைத்த ஒருவனைக் கட்டிலோடு கயிற்றால் கட்டி, ஆயா ஒருத்தி எங்கள் கண் முன்னாலேயே அறைந்துகொண்டிருந்தாள். கெங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். ஏதோ மளுக்கென்றது. வாட்ச்மேன்கள் எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். என் சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கிடைத்த இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவள்ளூரிலேயே, ஸ்டேஷனுக்குப் பின்னால். தானியேல் என்கிற ரிட்டையரான கம்பவுண்டர் ஓட்டு வீடு ஒன்றில் நாலைந்து கட்டில் போட்டு நடத்தினார். செலவு இரண்டுக்கும் நடுவே. விளைகிறதில் பாதி அதற்கே போகும். ஒவ்வொரு கட்டிலாகக் கை ஓங்கிப் பார்த்தாள். ஒருத்தர் சிரித்தார். ஒரு கிழவி கையைப் பிடித்து வளையலைத் தடவிப் பார்த்தாள். ஒருவரும் மிரளவில்லை. கெங்கம்மாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் சின்னராசுவை என் வண்டியில் கொண்டுபோனோம். துளசிராமனும் வந்தான். தம்பியைக் கட்டிலில் கிடத்திவிட்டு அவள் கிணற்றடிக்குத் தண்ணீருக்குப் போனாள். செம்போடு திரும்பியபோது, தானியேல் குனிந்து அவன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கியிருந்தார். சின்னராசு இருந்த ஒரே கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஊளையிட்டான்.

செம்பு தானியேல் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, ஒரு பல் தெறித்தது. அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தாள். "நல்லவனாட்டம் நடிச்சிக்கினு என்னயே ஏமாத்தனியாடா, பாவி!" என்று குத்தினாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

தானியேல் ரத்தத்தைத் துப்பினார். "வேர்வய தொடைக்கத்தாம்மா கையத் தூக்கனேன். இன்னும் அவரத் தொடவே இல்ல. இது இன்னைக்கி வந்த பயம் இல்ல. அடிச்சது யாருன்னு உங்க ஊட்ல கேளுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஊட்டனா மூஞ்சில துப்பறான். நானும் மனுசந்தானே? ரெண்டு தட்டு தட்டனேன், இன்னா இப்போ?"

என் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். அவனை வாசலுக்கு இழுத்துவந்து விளாசினாள். சட்டை நார்நாராகி முதுகில் ரத்தம் கோடு கோடாக வழிந்தது. வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கதறினான். தெருவே கூடிவிட்டது. தடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் நாலு விழட்டும் என்றுதான் நின்றேன்.

உள்ளேயிருந்து மறுபடி அந்த ஊளை. வாசல் தெரிகிற கட்டில் அது. சின்னராசு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சாட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தம்பி, அக்காடா! ஒண்ணுமில்லடா!" என்று கையை நீட்டினாள்.

அவன் அவளைப் பார்த்தே மிரண்டான். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தை மூடி, படுக்கையை நனைத்துவிட்டான்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்றார் தானியேல், உதட்டில் துணியை அழுத்தியபடி. அவன் அடங்குகிறவரை தள்ளியே உட்கார்ந்திருந்தார். பிறகு துணி மாற்றி, கஞ்சி ஊட்டினார். சின்னராசு குடித்தான்.

துளசிராமன் அன்றைக்கே தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டான். கெங்கம்மாள் தனியாக உழுதாள், மாதம் தவறாமல் திருவள்ளூருக்குப் பணம் கொண்டுபோனாள். ஆனால் தானியேல் வீட்டுக்குள் போக மாட்டாள். ஜன்னலோரம், தம்பி கண்ணில் படாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"உள்ள போயி ஒரு வாய் ஊட்டறதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பயந்துக்குவாண்ணா" என்றாள். "இப்பத்தான் நல்லா துன்றான்."