வரிசையில் கடைசிக் குடம்

தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுதியிருக்கும் மற்றவர்கள் எல்லாரும் அவளை ‘அவர்கள்’ என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மரியாதை அவளுக்குத் தகும். நான் ஆறு வயது மூத்தவன், தொட்டில் ஆட்டியவன். எனக்கு ‘அவள்’ என்றுதான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர்கள் இருவரும் வயது வரிசைப்படியே போனார்கள். அடுத்தது நான். ரத்தக் கொதிப்பு எனக்கு, சர்க்கரை எனக்கு, மூட்டுவலி எனக்கு. தங்கை தலைவலி என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை. அவள் எப்படி என்னை முந்தினாள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தங்கை பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில். தண்ணீரை அளந்து செலவழிக்கத் தெரியாத ஊர். அங்கிருந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இங்கே கிணற்றில் ஊறுவதெல்லாம் உப்பு. முதல் மாதம் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அழுது கடிதம் போட்டாள்.

மைத்துனர் உப்புக் கம்பெனியில் குமாஸ்தா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வளவு கட்டினார். எதிரும் புதிருமாக ஏழு வீடுகள், வாசலில் ஒரே ஒரு குடிதண்ணீர்க் குழாய், அதிலும் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஏழாவது வீட்டில் அவர்கள் இருந்துகொண்டு மற்ற ஆறையும் வாடகைக்கு விட்டார்கள். குழாய்க்கு மைத்துனர் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். வீட்டுக்காரர் குடங்கள் நிறைந்த பிறகே சாவி வெளியே வரும். அந்தத் தெருவில் எல்லா வளவிலும் அதுதான் வழக்கம். அவர் காலமானபோது அவர்கள் மகனுக்கு, என் மருமகனுக்கு, அப்போது பள்ளிக்கூடம்கூட முடியவில்லை. வீடுகளின் பாரம் முழுவதும் தங்கை தலையில் விழுந்தது.

அப்போது புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்தது. வீடு கேட்டு ஆட்கள் அலைந்தார்கள். வாடகையை உயர்த்து, காலி செய்ய மாட்டேன் என்றால் கோர்ட்டுக்குப் போ என்று அவளுக்கு ஆலோசனை சொன்னவர்கள் பலர். அவள் செய்தது வேறு. பூட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். ஆறு வீடுகளும் முறை வைத்துப் பிடிக்கட்டும் என்றாள். தன் குடத்தைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தாள்.

நான் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவளோடு வந்து தங்கியபோது இதைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

“வீட்டுக்காரி கடைசியில நிக்கதா? ஊரு சிரிக்காதா? பாதியில தண்ணி நின்னா என்ன செய்வ?”

“நிக்காதுண்ணே. முதல்ல நின்னா ஆறு வீட்டு வாயிலயும் நான் விழணும். கடைசியில நிக்கேன், ஆறு வீடும் எனக்குக் காவலு. நீ வேணா எண்ணிப் பாரேன். எண்ணாம உனக்குத்தான் சோறு இறங்காதே.”

எண்ணிப் பார்த்தேன். யாராவது கூட ஒரு குடம் வைத்தால் அவள் வாய் திறக்க வேண்டியதில்லை. முதல் வீட்டுச் செசிலி, தோணியில் சுமை ஏற்றுபவரின் மனைவி, அங்கேயே கேட்டுவிடுவாள்: “ஏளா, பெரியம்மா குடம் பின்னால இருக்குல்லா? கண்ணு தெரியலியா?” கூடுதல் குடம் தானாக நகர்ந்துவிடும். அதே குணம்தான் மற்ற காரியங்களிலும் இருந்தது. மழைக்கு முன் ஆறு வீட்டுக் கூரையையும் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டு ஓடுகளை மாற்றுவாள். வாடகை கேட்டு ஒரு வாசலிலும் அவள் நின்றதில்லை. அவர்களே வந்து கொடுத்தார்கள். பக்கத்து வளவுக்காரர் வழக்கு வழக்கு என்று திருநெல்வேலிக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தார். இவள் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்று காலையும் வழக்கம்போலவே விடிந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தங்கை நடைப்படியில் உட்கார்ந்து செசிலியோடு பேசிக்கொண்டிருந்தாள். மீன் விலையைப் பற்றி ஏதோ கேலி. நான் உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பது கேட்டது. பிறகு குடங்கள் நகரும் சத்தம். பிறகு செசிலியின் குரல்.

“பெரியம்மா, உங்க மொறை வந்துட்டு. எந்திரிங்க.”

குழாய்த் தண்ணீர் தரையில் விழும் சத்தம்.

“பெரியம்மா, என்ன உறக்கம்? தண்ணி வீணாப் போகுது, எந்திரிங்க.”

அடுத்து எழுந்தது அலறல். நான் ஓடிவந்தபோது தங்கை சுவரில் தலையைச் சாய்த்தபடி இருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம்கூடப் போகவில்லை. சற்று முன் சிரித்தவள். என் காதால் கேட்ட சிரிப்பு. டாக்டர் வந்து கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோதும் நான், “நல்லாப் பாருங்க, இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். குழாய் யாரும் பிடிக்காமல் ஓடி, தானே நின்றிருந்தது. அவள் குடம் வெறுமையாகவே இருந்தது.

மருமகன் ஓட்டப்பிடாரத்தில் வேலை பார்க்கிறார். அவர் வந்து சேர்ந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எங்கள் பெரியப்பா மகன் அண்ணாச்சி தலைமையில் உறவினர்கள் வந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு உறவினர் கூடிக் குடத்தில் நல்ல நீர் சுமந்து நீர்மாலை எடுத்து வர வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. இருந்தது வளவுக் கிணற்று உப்புத் தண்ணீர்தான்.

ஆற்றங்கரையில் பிறந்தவளை அதிலா கடைசியாகக் குளிப்பாட்டுவது? ஒன்றும் செய்யத் தோன்றாமல் அந்த வெறுங்குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செசிலி காலையில் பிடித்த தன் குடத்தைத் தூக்கிவந்தாள். சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கும் மூன்றாவது வீட்டு பாய் ஒரு குடத்தோடு வந்தார். மற்ற நான்கு வீட்டுக் கதவுகளும் திறந்தன. ஆறு குடங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றன.

அண்ணாச்சி முகம் சுளித்தார். “ஏலே தம்பி, சொந்தக்காரங்க எடுக்கதுதான் நீர்மாலை. குடியிருக்கவங்க தண்ணிய ஊத்துனா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

நான் வாய் திறப்பதற்குள் செசிலி சொன்னாள்: “இது எங்க தண்ணி இல்ல அண்ணாச்சி. அவுக முதல்ல பிடிக்க வேண்டிய தண்ணி. எங்கள முன்னால விட்டுட்டு அவுக பின்னால நின்னாக. நாங்க பிடிச்சு வச்சிருந்தோம். இப்ப கொண்டாந்துருக்கோம், அவ்வளவுதான்.”

பாய் மெதுவாகச் சொன்னார்: “அவுக குடத்துல நாங்க ஊத்துதோம். தூக்குறது மகன் தூக்கட்டும்.”

அண்ணாச்சி தலை குனிந்தார். பிறகு அவரே வெறுங்குடத்தை எடுத்து நடுவில் வைத்தார். ஆறு வீட்டாரும் ஊற்றினார்கள். குடம் நிறைந்தும் மீதமிருந்த தண்ணீரையும் குளிப்பாட்டவே விட்டுக்கொடுத்தார்கள். உறவினர்கள் மேலே வேட்டியைப் பந்தலாகப் பிடிக்க, குழாயடியிலிருந்து மருமகன் நீர்மாலை சுமந்தார். தங்கை நல்ல தண்ணீரில் குளித்துப் போனாள். ஆறு வீட்டிலும் அன்று குடிக்கவும் தண்ணீர் இல்லை என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

காரியங்களில் கூட நின்ற உறவினர்களுக்கும், தெருவாருக்கும், ஓடிவந்த டாக்டருக்கும், வளவின் ஆறு குடும்பங்களுக்கும் மருமகன் சார்பிலும் என் சார்பிலும் நன்றி கூறுகிறேன். பெயர் விட்டுப்போயிருந்தால் அது என் மனக் கலக்கத்தால். நான் எதையும் எண்ணாமல் விடுகிறவன் அல்லன்.

வீடுகளை நான்தான் இப்போது பார்த்துக்கொள்கிறேன். பார்ப்பதற்கு அதிகமில்லை. தங்கையின் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு அதே நடைப்படியில் உட்காருகிறேன். இந்த ஓராண்டில் அது ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பவில்லை. என் முறை வந்ததும் செசிலி, “சார், உங்க மொறை” என்கிறாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மூட்டுவலியோடு எழுந்திருக்க நேரமாகும். ஆகவே முதலில் “இந்தா வாரேன்” என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் கேட்கும்வரை செசிலி என் பக்கம் திரும்புவதில்லை.