மாதாவின் எடைக்குச் சாவிகள்

எங்கள் கோயில் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஞாயிறு பூசை முடிந்து ஒரு வீட்டுக்குப் போனால் அடுத்த ஞாயிறு வரை அங்கே இருக்கும். பிறகு அடுத்த வீடு. யார் வீட்டுக்கு எந்த வாரம் என்று நோட்டில் எழுதி வைப்பதும், சுரூபத்தை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் பொறுப்பு. ரிட்டையரானவன் சும்மா இருந்தால் யாருக்கும் பொறுக்காதே. எனக்கு முட்டி வலி வேறு. ஒவ்வொரு வீட்டிலும் முழங்கால் போட்டு எழுந்திருப்பதற்குள் உயிர் போய் வரும்.

முன்பெல்லாம் மாதா பெட்டி இல்லாமல்தான் போய்வந்தார். ஒரு வீட்டில் விளையாட்டுப் பிள்ளைகள் சுண்டுவிரல் நுனியை உடைத்துவிட்டார்கள். அதன் பிறகு மரப்பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்து, சின்னதாக ஒரு பூட்டும் போட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். வழியில் நீலத் துணி போட்டு மூடியிருக்கும். போய்ச் சேர்ந்த வீட்டில்தான் துணியை எடுப்பது. இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டவள் சாவிக்கடைத் தங்கச்சி.

கூடப் பிறந்த தங்கச்சி இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஒரே ஒரு ஆள் உட்காரும் இடத்தில் டூப்ளிகேட் சாவி வெட்டுகிறவள். புருஷன் இருந்தவரை அவர் வெட்டுவார், இவள் அரம் போடுவாள். அவர் போன பிறகு இரண்டும் இவளே. பழைய சாவியை ஒரு பக்கமும் வெட்டாத சாவியை மறுபக்கமும் மெஷினில் மாட்டி ஓடவிடுவாள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். ஒரு பல் மயிரிழை தப்பியிருந்தாலும் தர மாட்டாள். தூக்கி டப்பாவில் போட்டுவிட்டு வேறு வெட்டுவாள். விரல் நுனியெல்லாம் பித்தளைத் தூள். நற்கருணை வாங்க நீட்டும் கையிலும் அது மினுங்கும். ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி செய்தவள், தன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டதில்லை.

ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்துவிட்டால், அவன் என்ன சாப்பிட்டான் என்பது வரை மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவள் வீட்டு முறை வந்தபோது நான்தான் கொண்டுபோய் வைத்தேன். பெட்டியைத் திறந்து, மாதாவின் காலடித் தூசியைத் துடைத்து, மறுபடி பூட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, இந்தச் சாவியைப் போய் இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்களே. ஒரு தடவை பார்த்தாலே நான் வெட்டிடுவேன்."

"செய்வே செய்வே. மாதா மேல கை வெச்சே, நோட்டுல பேரை அடிச்சிடுவேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. புதன்கிழமை கப்பல் கம்பெனியிலிருந்து வந்தது. கடலில் புயலாம். கப்பலோடு மூன்று நாளாகத் தொடர்பில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவர்களுக்கு.

நான் போனபோது பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள், ஐம்பது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை ஃபாதர் போய்ப் பார்த்தார். அவர் கிளம்பும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஃபாதர், இவங்களை ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

"சுரூபம் ஞாபகத்துக்குத்தானேம்மா. மாதா எப்பவும் உன்கூடத்தான் இருப்பாங்க."

"தெரியும் ஃபாதர். என் பிள்ளை போட்டோ கூடத்தான் பிள்ளை இல்ல. இப்போ அதைக் கீழே வைன்னா என்னால வைக்க முடியுமா?"

ஃபாதர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். அடுத்த வீடு கணக்கு டீச்சர் வீடு. அவர் கணவருக்குச் செவ்வாய்க்கிழமை இருதய ஆப்பரேஷன். அந்த வாரம் மாதா தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று டீச்சர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். நானும் தலையை ஆட்டி நோட்டில் எழுதியிருந்தேன். "பக்குவமாப் பேசி வாங்கிட்டு வாங்க" என்றார் ஃபாதர். எப்படிப் பேசினால் பக்குவம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போனேன். போனால், நீலத் துணி மூடிய பெட்டி வாசலிலேயே தயாராக இருந்தது. அவள் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. "எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று குரல் மட்டும் வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. கனம் எப்போதும் போலத்தான் இருந்தது. வழியில் ஒரு வேகத்தடையில் உள்ளே ஏதோ கலகலவென்றது. கண்ணாடி லூசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் வீட்டில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். கணவர் சாய்வு நாற்காலியிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து நின்றார். நான் துணியை எடுத்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் மாதா இல்லை. வாயைக் கட்டிய ஒரு துணிப்பை இருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியைத் திறந்து பையை அவிழ்த்தால், அத்தனையும் சாவி. தப்பாக வெட்டி அவள் டப்பாவில் போட்டு வைத்திருந்த, எந்தக் கதவையும் திறக்காத சாவிகள். மாதாவின் எடைக்குச் சரியாக நிறுத்துப் போட்டிருந்தாள். என் சாவியை ஒருமுறை பார்த்ததிலேயே இன்னொன்று வெட்டிவிட்டாள், படுபாவி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்பவே போய் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன். டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

"போகாதீங்க சார். அவங்க கையிலேருந்து பிடுங்கிட்டு வந்து வெச்சா, நான் எந்த முகத்தோட வேண்டுவேன்?"

கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பையை உள்ளேயே வைங்க சார். மாதா இருந்த பெட்டிதானே" என்றார்.

வைத்தேன். அந்தச் சாவி மூட்டைக்கு முன்னால் மூவரும் நின்றோம். டீச்சர் முதலில் கப்பலில் இருக்கிற பிள்ளைகள் கரை சேர வேண்டும் என்று வேண்டினார். அதற்குப் பிறகுதான் கணவரின் இருதயம். நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் இந்தச் செய்தி அவள் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இப்படி ஒரு செய்தி எங்கே நிற்கும்? சாவி மூட்டைக் கதையையும் சேர்த்துக்கொண்டு என்னை முந்திப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. மாதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடைந்த சுண்டுவிரல் நுனியிலும் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். பெட்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"நாளைக்குச் சாயங்காலத்தோட தேடறதை நிறுத்தறாங்களாம்ண்ணே" என்றாள். "காலையில போன் பண்ணிச் சொன்னாங்க."

எழுந்து வந்து மாதாவை என் கையில் கொடுத்தாள். "இவங்களை எடுத்துட்டுப் போங்க. அந்தச் சாவிப் பையை மட்டும் நாளைக்கு வரைக்கும் இங்க வெச்சுட்டுப் போங்க. டீச்சர் அது முன்னால வேண்டினது கேட்டுச்சே."

"தங்கச்சி, அது அப்படி இல்லம்மா..." எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

"டீச்சர் என்னன்னு வேண்டினாங்க? நீங்க அங்கதானே இருந்தீங்க. அதே வார்த்தையைச் சொல்லுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "முதல்ல உன் பிள்ளைக்காக வேண்டினாங்க. அப்புறம்தான் வீட்டுக்காரருக்கு."

இரண்டு சாவிகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அப்போ அதுதான்" என்றாள். "நான் என் பிள்ளையை மட்டுமே கேட்டேன். பதினஞ்சு நாளா வேற யாரையும் கேட்கலை. உங்களுக்கு என்ன வேணும்ண்ணே? சீக்கிரம் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா."

"ஏதாவது சொல்லுங்கண்ணே!" என்று கத்தினாள். "உங்களுக்கு முதல்ல வேண்டினாத்தான் அவனுக்கு வேண்ட முடியும்."

பயந்து போய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "முட்டி வலி."

அவள் பையை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் முழங்கால் போட்டாள். போனைப் பக்கத்தில் தரையில் வைத்தாள். கைகளைக் குவித்து, கண்ணை இறுக மூடி, "மாதாவே, அண்ணனுக்கு முட்டி வலி. வயசான காலத்துல படி ஏற முடியலை. ரெண்டு காலையும் தொட்டுச் சுகமாக்கணும் தாயே" என்று ஆரம்பித்தாள். ஒரு குறை வைக்கவில்லை. நான் எந்தக் காலைத் தேய்த்துக்கொள்வேன், மழை நாளில் எப்படி நொண்டுவேன் என்பதெல்லாம் சொன்னாள். என் கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி வேண்டியதில்லை. கண்ணீர் அவள் கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது.

நான் மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வலி உயிரை எடுத்தது. இந்தக் கால் எக்கேடு கெட்டுப் போகட்டும் தாயே, அவள் சொல்வதைக் காதில் வாங்காதே, அந்தப் போனை ஒருமுறை அடிக்க விடு என்று கேட்டேன். அவள் என் இடது முட்டியை முடித்துவிட்டு வலது முட்டிக்கு வந்திருந்தாள்.