ஜீப்பில் போய்ப் பெண் பார்த்தது

கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் தப்பிய தீவிரவாத வழக்குக் கைதி ஒருவன், கடல் வழியாக ஓட எங்கள் பக்கம் படகு தேடுகிறான் என்று சொன்னார்கள். மூன்று நாளாகத் திரேஸ்புரத்தில் தெருவுக்குத் தெரு போலீஸ். நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் ஒளிந்திருந்தால் இந்நேரம் விறைத்துப்போயிருப்பான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நான் பொதுவாக எதையும் சொல்வதில்லை.

நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம். பெண் பார்க்கப் போனால் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வீட்டில், மாப்பிள்ளை ஊமையா என்று ஆள்விட்டுக் கேட்டார்கள்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் எங்கயும் வரமாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். இந்தப் பெண் தையல் வேலை செய்கிறவர், நாற்பது வயது. அவர் கேட்டனுப்பியது ஒன்றுதான்: "வாயத் தொறந்து பேசுவாரா?"

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்கப் போக வேண்டிய நாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அக்கா வந்த பஸ்ஸை வழியில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். "நல்ல நேரம் போயிரும்லே. நீ முன்னால போயி உக்காரு, நான் வாரேன்" என்றாள் போனில். மல்லிகைப்பூவும் ஒரு டப்பா மக்ரூன் இனிப்பும் எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் மறித்தார்கள்.

"எங்கவே போறீரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெண் பார்க்க என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது? "சிவன் கோயிலுக்கு" என்றேன்.

ஏட்டு பையைத் திறந்தார். "சார், சிவனுக்கு முட்டை அடிச்சுப் போட்ட மக்ரூனு கொண்டு போறாரு."

"கோயிலு அங்கன இருக்கு. இவரு இங்கன போறாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆதார் அட்டை கேட்டார்கள்; அது வீட்டில் பழைய சட்டையில் கிடந்தது. அக்காவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க ஒத்தையிலயா போவாவ? ஜீப்புல ஏறும். அந்த வீட்டையும் பாத்துருவோம்."

ஜீப் போய் நின்றதும் தெருவே கூடிவிட்டது. பெண்ணின் அண்ணன் கும்பிடுவதா கையைத் தூக்குவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். பட்டுச்சேலையில் பெண் வெளியே வந்தார்.

"இவரத் தெரியுமாம்மா?"

"நேர்ல பாத்ததில்ல சார். பேசமாட்டாருன்னு சொன்னாங்க. பேசச் சொல்லுங்க, பாப்போம்."

"பேசும்வே!" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

பேசினேன். ஐஸ் உடைக்கும் வேலை, அஞ்சாம் வகுப்பு, குடி கிடையாது, சோறும் குழம்பும் வைக்கத் தெரியும், கோயில் என்று சொன்னது பொய், தீவிரவாதி யாரையும் தெரியாது, எனக்குச் சம்மதம். மூச்சு விடாமல் சொன்னேன்.

"எல்லாத்தையும் ஜீப்பு டயருட்ட சொல்லுதீங்க" என்றார் அவர். "என்னையப் பாத்துச் சொல்லுங்க. பாக்காமலே சம்மதமா?"

நிமிர்ந்து பார்த்தேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இனி அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் மனதில் ஓடியது.

"என்னம்மா, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிரவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேண்டாம் சார். இவரு இங்கயே இருக்கட்டும்."