பெயர் மாற்றிய கப்பலைக் காட்டிக்கொடுத்த கௌமாரி

வீரபாண்டி கௌமாரி அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் அவளிடம் நல்ல மனதோடு போகவில்லை. ஒருவனைப் பழிவாங்கத்தான் போனேன். அதை மறைத்து எழுதினால் அவளே என்னைக் கேட்பாள்.

என் பெயர் செல்வி. ஊர் பழனிசெட்டிபட்டி. என் கணவர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தேனியில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்ட் ஒருவன், எங்களுக்குத் தூரத்து உறவு, அவரை எண்ணெய்க் கப்பலுக்கு அனுப்பினான். ஒன்பது மாத வேலை. அது முடிந்தும் இறக்கிவிடவில்லை. ஒருநாள் சிக்னல் கிடைத்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். நாடுகள் தடை போட்ட எண்ணெயை ஒளித்துக் கொண்டுபோகும் கப்பலாம் அது. எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை அணைத்துவிடுவார்களாம். பாஸ்போர்ட் கேப்டன் கையில். நீராவிக் குழாய் வெடித்து அவர் இடது கை வெந்திருந்தது. டாக்டர் கிடையாது.

"கையி நாத்தம் எடுக்குது செல்வி. இங்கனயே செத்தா கடல்ல தூக்கிப் போட்ருவாக" என்றார்.

மாலுமிகள் சங்கத்துக்குப் போன் செய்தேன். அவர் சொன்ன பெயரில் கப்பலே இல்லை என்றார்கள். ஏஜெண்டிடம் ஓடினேன். "அண்ணே, எப்படியாச்சும் அவரை எறக்கிவிடச் சொல்லுங்கண்ணே."

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புருசன் உசுரோட வரணும்னா வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. தெருமண்ணை அள்ளி அவன் வாசலில் தூற்றிவிட்டு நேராக வீரபாண்டிக்கு பஸ் ஏறினேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்த நேரம். கூட்டத்தில் இடிபட்டு அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யார் பேருக்குத் தாயி?" என்றார் பூசாரி.

"ஒரு கப்பலுக்கு சாமி."

"நல்லபடியாப் போயி வரணும்னா?"

"இல்ல சாமி. பிடிபடணும்."

தட்டை வாங்கிக்கொண்டார். "பேரு?"

"மாத்திக்கிட்டே இருக்காக சாமி. இது மூணாவது பேரு."

"அப்ப ஆத்தாட்ட யாருன்னு சொல்றது? மாறாதது எதும் இருக்கான்னு கேட்டுட்டு வா தாயி."

என் கணவரிடம் அதை மெசேஜில் கேட்டேன். மூன்று நாள் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டார். "ஒண்ணு இருக்கு. பின்பக்கம் இரும்புலயே ஏழு நம்பர வெல்டிங் வச்சிருக்கு. அதுமேல பெயிண்டு பூசிருக்காக, அவ்வளவுதான்." யாரும் பார்க்காமல் சுரண்டிப் படம் அனுப்பினார்.

அந்த ஏழு எண்ணையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். பூசாரி சிரிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லி அர்ச்சனை செய்தார். "ஆத்தா, எங்கன ஒளிஞ்சாலும் காட்டிக்கொடு" என்று வேண்டினேன். புருசன் இருக்கும் கப்பலுக்கே சாபம் விடுகிறாளே என்று என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அதே சீட்டைப் பார்த்து மறுபடி சங்கத்துக்குப் போன் செய்தேன். நம்பரைக் கேட்டதும் எதிர்முனைக் குரல் மாறியது. "இது தடைப் பட்டியல்ல இருக்கிற கப்பல்மா. இவ்வளவு நாளா இதைத்தான் தேடுறாங்க. இப்ப எந்தப் பேர்ல ஓடுதுன்னு தெரியாமத்தான் பிடிக்க முடியல."

பத்தொன்பதாம் நாள் ஒரு நாட்டுக் கடற்படை அதைச் சுற்றி வளைத்தது. கேப்டனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது. ஆடியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதோடு விட்டேனா? போலீசில் புகார் கொடுத்தேன். ஏஜெண்டைப் பிடித்துவிட்டார்கள். அவன் மனைவி வந்து, "வாபஸ் வாங்கிருத்தா. அவரும் வருசாவருசம் ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கிறவரு" என்றாள்.

"எடுக்கட்டுங்க்கா. ஜெயில்ல இருந்து வந்து எடுக்கட்டும்."

முன்பெல்லாம் கோபம் வந்தால் கோயிலுக்கே போக மாட்டேன், பாவம் என்று நினைப்பேன். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். இல்லை. தினமும் காலையில் இவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அப்போது அவனுக்குச் சாபமும் ஆத்தாளுக்கு நன்றியும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் அவளிடமே கொடுத்துவிடுகிறேன். உங்களுக்கும் உள்ளே ஏதாவது எரிந்தால், அது அணையட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிகிறபடியே அவளிடம் கொண்டுபோங்கள்.