ஏழுமலை திருப்பி வரைந்த அம்புகள்

சென்ற ஆவணி பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு ஏழுமலையின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அப்பா பூட்டாரு" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம உங்களாண்ட வரணும்னு சொல்லிகினே இருந்தாரு" என்றார்.

ஆவடியில் நம் பள்ளியின் உயிரியல் ஆய்வக உதவியாளராக ஏழுமலை இருபத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்ததாகப் பழைய மாணவர்களான உங்களில் சிலர் இரங்கல் குறிப்புகளில் எழுதியிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகள், நான்கு மாதங்கள். அதே ஆய்வகத்தில் நான் உயிரியல் ஆசிரியர்.

பள்ளி ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வரவிருந்த ஒரு வாரம், பருத்திப்பட்டு ஏரியின் உணவுச் சங்கிலியைப் பெரிய அட்டையில் வரைந்து மாட்டினேன். பாசி, கொசுப்புழு, கெண்டை, கொக்கு. வியாழக்கிழமை மதியம், மாணவர்கள் இருக்கும்போதே ஏழுமலை அருகில் வந்தார்.

"சார், கோச்சிக்கக் கூடாது. கொக்கு மீன துன்னுது, சரி. சத்து எங்கேர்ந்து எங்க போவுது? மீனுலேர்ந்து கொக்குக்கு. அம்பு அந்தப் பக்கந்தான் பாக்கணும்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? படத்துல தலகீழா கீதே."

உண்மைதான். தின்பதிலிருந்து தின்னப்படுவதை நோக்கி எல்லா அம்புகளையும் வரைந்திருந்தேன். ஒன்பது ஆண்டுகள் சரியாகக் கற்பித்த பாடம் அது. ஆனால் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன் வேலை குடுவை கழுவுவது. அதைப் பார்" என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி அட்டையின் முன் நின்றார். பழைய அம்புமுனைகளின் மேல் வெள்ளை வண்ணம் பூசப்பட்டு, ஒவ்வொரு கோட்டின் மறுமுனையிலும் புதிய முனை கறுப்பில் வரையப்பட்டிருந்தது. "அம்புக்குறியில்தான் பலர் தவறுவார்கள். நீங்கள் திருத்தமாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி. நான் நன்றி சொன்னேன். ஏழுமலை தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

என் மனைவி காலமான பின் என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவரே. ஞாயிறுதோறும் மாலை நாலரைக்கு ஏரிக்கரையின் சிமெண்டு இருக்கையில் அமர்வோம். ஐந்து நிமிடம் பிந்தினால், "இன்னா சார், கொக்கே வந்துட்ச்சி, நீங்க லேட்டு!" என்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ ஞாயிறு தீர்மானித்துப் போயிருக்கிறேன். ஒரே ஒருமுறை, பங்குனி கடைசி ஞாயிறு, "ஏழுமலை, அந்த அட்டை..." என்று தொடங்கினேன்.

"அத்த உடுங்க சார். டீ ஆறுது."

விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அவர் மறைந்த பிறகு வந்த ஞாயிறுகளிலும் நாலரைக்குப் போனேன். ஃபிளாஸ்கில் பழக்கப்படி இருவருக்கான தேநீரே இருந்தது. கொக்கு வந்தது. பேச ஆளில்லை.

ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் விட்டுச்சென்றதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வெள்ளைக்கு அடியில் என் பழைய முனைகள் இன்று மங்கலாகத் தெரிகின்றன. வலது மூலையில் என் கையெழுத்து மட்டுமே இருந்தது. நேற்று, சனிக்கிழமை, அதன் மேலே அவர் பெயரை எழுதினேன்.

அவருக்கு உயிரியல் கற்பித்தவன் என்று என்னைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அன்புகூர்ந்து அந்த அம்பையும் திருப்பி வரைந்துகொள்ளுங்கள்.