பின்னால் கூப்பிட்ட குரல்

நூகாலம்மாவுக்குத் தன் ஞாபகசக்தியில் கொஞ்சம் கர்வம் உண்டு. பீமிலிக் கடைத்தெருவில் மீன் கூடையை இறக்கி வைத்து, எங்கள் கரைப் பெண்களின் வழக்கப்படி எரியும் முனையை வாய்க்குள் விட்டுச் சுருட்டுப் பிடித்தபடியே, போன சங்கராந்திக்கு மறுநாள் யார் வஞ்சிரம் கேட்டுவிட்டுக் மலிவான கவளை மீனோடு வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்லுவாள். அவளோடு யாரும் வாதாடுவதில்லை. வாதாடினால், வாதாடியவரின் கல்யாணத்தில் குழம்புக்கு உப்பு கூடிப்போனதுவரை சந்திக்கு வரும்.

அப்படிப்பட்டவள் சொன்னதால்தான் ஊர் நம்பியது. அவள் மகன் யெல்லாஜி கடைசியாகக் கடலுக்குப் போன காலையில், அவன் பெண்டாட்டி பைடம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள் என்று சொன்னாள்.

கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது. எங்கள் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவன் திரும்பி வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அன்று யெல்லாஜி திரும்பவில்லை. அலை உடைகிற இடத்திலேயே படகு புரண்டது. கூடப்போன போலராவ் நீந்திக் கரையேறினான். யெல்லாஜியின் உடம்புகூட ஒதுங்கவில்லை.

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் நூகாலம்மா முதலில் சொன்னது இவ்வளவுதான்: "யாரோ கூப்பிட்டாங்க. என் காதுல விழுந்துச்சு." மறுநாள் அது வீட்டுப் பக்கமிருந்து வந்த குரல் ஆயிற்று. அப்புறம் பெண் குரல். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பெண்கள். பெற்றவளா கூப்பிட்டிருப்பாள்? கருமாதி முடிவதற்குள் அவள் சொல்லும் கதையில் பைடம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். பச்சைச் சேலை, தலை முழுகிய ஈரம் சொட்டச் சொட்ட, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

பொய் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். பொய் சொல்கிறவளுக்கு உள்ளே எங்காவது உண்மை தெரிந்திருக்கும். இவள் கண்முன் கண்டதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சொன்னதையே அடுத்த தடவை கண்டாள். நம் எல்லோர் தலைக்குள்ளும் நடக்கிற கூத்துதான். நம்முடைய தப்பால் யார் குடியும் கெடுவதில்லை, அதனால் நாம் பெரிய மனிதர்களாக உலவுகிறோம்.

"நான் கொல்லைல பாத்திரம் தேச்சிட்டிருந்தேன் அத்தே. வாயே தொறக்கல," என்று பைடம்மா அழுதாள்.

"என் கண்ணு பொய் சொல்லுமாடி? எம்புள்ளைய முழுங்கினது பத்தாதுன்னு வாய் வேற பேசறியா?"

கொஞ்ச நாள் மறுத்தாள். பிறகு மறுப்பதை விட்டுவிட்டாள். படகு இறங்கும் நேரத்தில் அவள் கரைப்பக்கம் வந்தாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் அவள் அண்ணன் கோனாடாவிலிருந்து வந்து அழைத்துப் போய்விட்டான். இந்தக் கடலைப் பார்க்கவே பிடிக்காமல் போலராவ் அதற்கு முன்பே குஜராத்துக்குப் படகு வேலைக்குப் போயிருந்தான். என்ன நடந்தது என்று அவனை யாரும் கேட்கவே இல்லை.

பல வருஷம் கழித்து அவன் தலை நரைத்துத் திரும்பி வந்தபோது, நேராக நூகாலம்மா வீட்டுக்குத்தான் வந்தான். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு நான் எவ்வளவோ சொன்னேன் பெரியம்மா. 'உங்கம்மா பின்னால கூப்பிட்டுட்டா, போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாடா'ன்னேன். கேட்டானா? சிரிக்கிறான். 'பெத்தவ கூப்பிட்டா அதெல்லாம் தோஷத்துல சேராதுடா'ங்கறான்."

"யாரு, நானா? அந்தப் பாவி பைடம்மா இல்ல கூப்பிட்டா!"

"பைடம்மாவா?" போலராவ் கையைத் தட்டிலேயே நிறுத்தினான். "என்னன்னு கூப்பிட்டா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. நூகாலம்மாவும் யோசிக்காமல் அந்தக் குரலை அப்படியே எடுத்து விட்டாள்.

"ஒரேய் யெல்லாஜீ! கூழ்த் தூக்குச்சட்டிய விட்டுட்டுப் போறியேடா!"

சொன்ன வாய் மூடவில்லை. எங்கள் கரையில் எந்தப் பெண்டாட்டியும் புருஷனை, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒரேய் என்று கூப்பிட மாட்டாள். பேரைக்கூட வாயில் எடுக்க மாட்டாள்.

அப்போதுதான் இன்னொரு காலை அவளுக்கு நினைவு வந்தது. அது சாவுக்குச் சில மாதம் முன்னால், ஏதோ பண்டிகை. அன்று பைடம்மா தலை முழுகிப் பச்சைச் சேலை கட்டி வாசலில் நின்று "இந்தாங்க" என்று வாய் தவறிக் கூப்பிட்டாள். யெல்லாஜி திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவளைக் கேலி செய்துவிட்டுப் போனான். அந்தக் காலையின் உருவத்தோடு சாவு நாள் காலையின் குரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே கோனாடாவுக்கு பஸ் ஏறினாள். உண்மை தெரிந்த பிறகும், பஸ்ஸில் கண்ணை மூடினால் வாசலில் பைடம்மாதான் நின்றாள். அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

பைடம்மா மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் துண்டை மறந்துவிட்டுப் படகை நோக்கி நடந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு மணலில் பெரிய வட்டம் அடித்து ஓடி, அவன் முகத்துக்கு எதிரே போய் நின்று நீட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே நூகாலம்மா மணலில் இறங்கி வந்தாள்.

"வா அத்தே. கூழ் குடிக்கறியா?" என்றாள் பைடம்மா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நூகாலம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். "நீ கூப்பிடலடி. நான்தான். கூழ்த் தூக்குச்சட்டிய விட்டுட்டுப் போனான்னு நான்தான் கூப்பிட்டேன். போலராவ் வந்து சொன்னான். ஒண்ணும் தெரியாத பொண்ண நான் கெடுத்துட்டேன்டி."

"இல்ல அத்தே. நான்தான் கூப்பிட்டேன்."

"நீ கொல்லைல பாத்திரம் தேச்சிட்டிருந்தே! நீயேதானே சொன்னே!"

"அப்ப பயத்துல சொன்னேன். இங்க வந்தப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணா எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு." பைடம்மா கடலைப் பார்த்தபடி பேசினாள். "தலை முழுகிட்டு வந்தேன். பச்சை சேலை கட்டியிருந்தேன். நிலையைப் புடிச்சிட்டு நின்னு கூப்பிட்டேன். அவரு திரும்பவே இல்ல. இப்பவும் அந்த முதுகு தெரியுது அத்தே."

அந்தச் சேலையும் ஈரமும் நிலையும் நூகாலம்மா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி உண்டாக்கியவை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கங்கம்மா மேல சத்தியம்டி, நான்தாண்டி கூப்பிட்டேன்! என்னைத் திட்டு! அடி! நீ இல்லன்னு மட்டும் நம்புடி!" என்று கத்தினாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பைடம்மா அவள் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தி, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்காக எதுக்கு நீ பழி ஏத்துக்கறே? விடு," என்றாள். "வயசாயிடுச்சில்ல அத்தே. ஞாபகம் தப்பத்தான் செய்யும்."